கணினி கேள்வி பதில்: பவர் சப்ளை எரிந்த பிறகு

கேள்வி: பாவித்த மேசைக் கணினி ஒன்றை ஹட்டனில் வாங்கி மூன்று வருடங்களாக வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு பின்னேரம் இடி முழக்கத்தோடு கரண்ட் போனது. திரும்பி வந்த கணத்தில் பெட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, கருகிய வாடை வந்தது. புதிய பவர் சப்ளை வாங்கி நானே மாற்றினேன். இப்போது விசிறிகள் சுற்றுகின்றன, முன்பக்க விளக்கும் எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரரோ தொலைபேசியிலேயே “மதர்போர்ட் முடிந்தது” என்று சொல்லிவிட்டார். உயர்தரம் படிக்கும் மகளின் குறிப்புகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. புதிய மதர்போர்ட் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: இன்னும் வாங்காதீர்கள். பெட்டியைப் பார்க்காமலே மதர்போர்ட்டுக்குத் தீர்ப்பு எழுதுவது கடைக்காரருக்குச் சுலபம், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. காசல்ரி நீர்த்தேக்கத்தின் நீரில் எடுத்த மின்சாரத்தை நாட்டுக்கு அனுப்பும் நம் மலைகளிலேயே, கம்பியில் மரக்கிளை சாய்ந்தாலும் கரண்ட் போய்விடுகிறது. அது திரும்பி வரும் கணத்தில், காலியாக இருக்கும் மின்தேக்கிகளை நிரப்ப ஒரே வீச்சில் பெரும் மின்னோட்டம் உள்ளே பாய்வதால், வயதான பவர் சப்ளைகள் அந்த நேரத்தில்தான் அதிகம் வெடிக்கின்றன. பல சமயங்களில் சேதம் பவர் சப்ளையோடு நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் மின் செருகியையும் தரவு வயரையும் உருவி வையுங்கள். மதர்போர்ட் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், மகளின் குறிப்புகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, புதிய பவர் சப்ளையை அளந்து பார்த்து நம்பும் வரைக்கும் டிஸ்க் வெளியிலேயே இருக்கட்டும்.

அடுத்து, டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு மதர்போர்ட்டின் மேல் மூலையைப் பாருங்கள். கணினியின் மூளையான புரொசசரின் விசிறிக்கும் பெட்டியின் விளிம்புக்கும் இடையில், வயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான்கு துளையுள்ள சிறிய சதுரச் செருகுவாய் ஒன்று இருக்கும் (சில போர்டுகளில் எட்டுத் துளை). புரொசசருக்கான 12 வோல்ட் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. இரண்டு மஞ்சள் வயரும் இரண்டு கறுப்பு வயரும் கொண்ட செருகி அதில் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். 24 பின் உள்ள பெரிய செருகியை மட்டும் மாட்டி இதை மறந்துவிட்டால், நீங்கள் சொன்னது அப்படியே நடக்கும்: விசிறிகள் சுற்றும், விளக்கு எரியும், புரொசசர் மட்டும் விழிக்காது. தலவாக்கலையில் ஒரு நண்பரின் கணினியோடு நானே அரை நாள் மல்லாடியிருக்கிறேன். நினைவகத் துண்டான ரேமைக் கழற்றி, மொனிட்டரை மாற்றி, கடைசியில் பார்த்தால் அந்தச் சின்னச் செருகி வயர்க்கட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் முதல் சந்தேகம் இதுதான். ஒன்று கவனிக்கவும்: கிராபிக்ஸ் கார்டுக்கான செருகியும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும், ஆனால் அதில் மஞ்சளும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். இலகுவாக உள்ளே போகாத எதையும் அழுத்தித் திணிக்கக் கூடாது.

அது சரியாக மாட்டப்பட்டிருந்தால், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். சுவரில் பிளக்கைப் போட்டு, கணினியை ஓன் செய்யாமல், பெரிய செருகியின் பின்புறமாக ஊதா நிற வயரில் சிவப்பு முனையையும் ஏதாவதொரு கறுப்பு வயரில் கறுப்பு முனையையும் வைத்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். கணினி உறங்கும்போதும் விழித்திருக்கும் மின்சாரம் அது, பொத்தானை அழுத்தியது மதர்போர்ட்டுக்குத் தெரிவதே அதனால்தான். பிறகு ஓன் செய்து, மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரை இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிற வயரிலும் 5 வோல்ட் அளவில் வர வேண்டும். ‘மின்சாரம் சீராகிவிட்டது, தொடங்கலாம்’ என்று பவர் சப்ளை மதர்போர்ட்டுக்குச் சொல்லும் சைகை அது. அது வராவிட்டால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கணினி கிளம்பாது, அப்படியானால் கோளாறு புதிய பவர் சப்ளையிலேயே இருக்கக்கூடும். புதியது என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. எல்லா வயரும் கறுப்பாக உள்ள பவர் சப்ளை என்றால், கூட வந்த தாளில் உள்ள படத்தைப் பார்த்தே அளக்க வேண்டும்.

அளவுகள் சரியென்றால் மதர்போர்ட்டிடமே கேட்டுவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்து ரேம் முழுவதையும் கழற்றிவிட்டு ஓன் செய்யுங்கள். உயிருள்ள மதர்போர்ட், ரேம் இல்லையென்று ‘பீப், பீப்’ என்று முறையிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் புரொசசரும் போர்டும் வேலை செய்கின்றன என்று நிம்மதி அடையலாம். பல பெட்டிகளில் இதற்கான சிறிய ஸ்பீக்கர் இருக்காது, மலிவான பொருள்தான், ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். பீப் வந்தால், ரேமின் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ஒரேயொரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்கள். வருடம் முழுக்க மூடுபனிக்குள் இருக்கும் நம் வீடுகளில் அந்தப் பற்களில் மங்கல் படிவது சாதாரணம். திகதியையும் நேரத்தையும் காக்க மதர்போர்ட்டில் இருக்கும் பட்டன் பற்றரியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் போடுவதும் சில சமயம் பலன் தரும். 3 வோல்ட் காட்ட வேண்டிய அந்த சி.ஆர். 2032 பற்றரி 2.7க்கும் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ரேம் இல்லாமலும் போர்ட் மௌனமாக இருந்தால், அல்லது புரொசசரைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியோ கருகியோ இருந்தால், கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அப்போது ஒப்புக்கொள்வோம்.

திரை விழித்த பிறகு டிஸ்க்கை மாட்டுங்கள். மாட்டி ஓன் செய்ததும் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டால், பெரும்பாலும் டிஸ்க்கின் அடியில் உள்ள சின்னப் போர்டில் ஷோர்ட் ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் போர்டைக் கழற்றிப் பொருத்தினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அளவுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருப்பதால், இன்றைய டிஸ்க்குகளில் அந்த வித்தை பலிப்பதில்லை. தரவு மீட்பவரிடம் கொடுப்பதே வழி. டிஸ்க் நன்றாக வேலை செய்தால் அன்றைக்கே குறிப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். பற்றரியைக் கழற்றியதால் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அதைத் திருத்தாவிட்டால் இணையத் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: எரிந்த பவர் சப்ளையைத் திறந்து பியூஸை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: கூடாது. பியூஸ் தானாகப் போவதில்லை. உள்ளே வேறேதோ ஷோர்ட்டானதால்தான் அது உருகியிருக்கும், புதிதாகப் போட்டாலும் அடுத்த கணமே உருகும். அதைவிட, பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

கேள்வி: பவர் சப்ளை மாற்றியதிலிருந்து கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் விறுவிறுக்கிறது. புதிய பவர் சப்ளை பழுதா?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: பெரும்பாலும் பழுது சுவரில் இருக்கும். பவர் சப்ளையின் வாயிலில், மின் இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்பும் இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில், அவற்றின் வழியாக 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி பெட்டியின் இரும்பில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விறுவிறுப்போடு நிற்கிறது. ஆனால் உள்ளே உண்மையான கசிவு ஏற்படும் நாளில் அதைத் தடுக்க எர்த்தும் இருக்காது. லயங்களின் பழைய வயரிங்கில் எர்த் வயரே இழுக்கப்படாத அறைகளை நான் பார்த்திருக்கிறேன். எர்த் துளைக்குள் பேனை மூடியைச் செருகி, இரண்டு கால் பிளக்கைச் சதுர பிளக் பொயின்ட்டில் நுழைக்கும் வழக்கமும் உண்டு. பிளக் பொயின்ட்டில் லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று மின் வேலை தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஓன் செய்த கணினியின் இரும்பைத் தொட வேண்டாம், குறிப்பாக வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்றுகொண்டு.

எர்த் போட்ட பிறகும், பிற்பகல் இடி மிகுந்த மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வானம் கறுத்ததும் சுவர் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். கரண்ட் போனால் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டி இருந்தாலும், சுவர் மின்சாரத்தை மட்டும் காக்கும் சாதாரண யூ.பி.எஸ்., தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்கு வரும் மின்னலைப் பார்ப்பதே இல்லை.