கண்ணோரம் நிறம் வரலாம், விரல் நுனிக்குப் பொறுமை வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 26. நான்கு வருடமாகக் கண்ணைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பு போட்டதில் பரவுவது குறைந்தது, நிறம் திரும்பவில்லை. நோயெதிர்ப்பில் ஒரு பாதையை மட்டும் தடுக்கும் க்ரீம் வந்திருக்கிறதாமே? "எதிர்ப்புச் சக்தியே போய்விடும், புற்றுநோய் வரும்" என்கிறார் அண்ணன். டாக்டரிடம் கேட்கலாமா, வேண்டாமா?

பதில்: கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

நீங்கள் சொல்வது ருக்ஸோலிட்டினிப் 1.5 சதவீத க்ரீமாகத்தான் இருக்கும். வெண்புள்ளியில் நம் உடம்பின் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களே தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களைத் தாக்குகின்றன. தாக்கும்போது இண்டர்ஃபெரான் காமா என்ற பொருளை வெளியிடுகின்றன, அதைக் கண்டதும் தோல் செல்கள் இன்னும் நிறைய டி செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன, இப்படித்தான் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறது. இண்டர்ஃபெரான் காமா தரும் செய்தி ஜேக் என்ற நொதிகள் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. க்ரீம் அந்த நொதிகளைத் தடுக்கிறது. தாக்குதல் அடங்கினால், முடிக்கால்களில் மிச்சமிருக்கும் நிறமி செல்கள் மெல்ல வெளியே வந்து தோலை நிரப்பும்.

உங்கள் கண்ணோரத்துக்கும் விரலுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாததற்குக் காரணமும் இந்த முடிக்கால்தான். முகத்தில் அவை ஏராளம், விரல் நுனியில் கிடையவே கிடையாது. அதனால் முகத்தில் நல்ல பலனை எதிர்பார்க்கலாம், விரலில் குறைவாகவே எதிர்பாருங்கள். புள்ளிக்குள் இருக்கும் முடியும் வெளுத்திருந்தால் அங்கேயும் கஷ்டம்தான்.

முகத்திலும் ஒரே மாதத்தில் மாயம் நடக்காது. அமெரிக்காவில் 2022 ஜூலையில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதை அனுமதிக்கக் காரணமான ஆய்வுகளில், தினம் இரண்டு வேளை போட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 24 வாரத்தில் முகப் புள்ளிகள் முக்கால்வாசி சரியாகியிருந்தன, ஒரு வருடம் தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இரண்டாவது மாதமே "பலனில்லை" என்று நிறுத்திவிட்டால் அது மருந்தின் தோல்வி ஆகாது. இதோடு குறுகிய அலைவரிசை யுவிபி என்ற புற ஊதா ஒளிச் சிகிச்சையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

அண்ணனின் பயத்துக்கு வருவோம். அவர் இல்லாததைச் சொல்லவில்லை. தீவிரத் தொற்று, புற்றுநோய், மாரடைப்பு, ரத்தக்கட்டு பற்றிய எச்சரிக்கை க்ரீமின் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி இருக்கிறது. ஆனால் அதற்கு முக்கிய அடிப்படை, இதே வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரையை முடக்குவாதத்துக்கு (மூட்டு அழற்சி நோய்) சாப்பிட்ட, 50 வயது தாண்டிய, இதய ஆபத்தும் இருந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. தோலில் போடும்போது ரத்தத்தில் கலப்பது மிகவும் குறைவு. அது அப்படியே குறைவாக இருக்கத்தான் உடம்பில் 10 சதவீதப் பரப்புக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் (விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை சுமார் ஒரு சதவீதம்). அடிக்கடி வருவது போட்ட இடத்தில் முகப்பருவும் அரிப்பும். வெண்புள்ளிக்கு மாத்திரை வடிவம் என்று யாராவது சொன்னால் மட்டும் அது முற்றிலும் வேறு கணக்கு, ரத்தப் பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று, நிறுத்திய பிறகு சிலருக்குப் பழைய இடத்திலேயே திரும்ப வரும். தாக்கிய டி செல்களில் கொஞ்சம் அதே தோலில் தங்கிவிடுவதுதான் காரணம். எனவே நிறம் வந்த பிறகு க்ரீமை எப்படிக் குறைப்பது என்பதையும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். காசநோய் இருந்திருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ அதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், க்ரீம் தொடங்கும் அன்றே புள்ளிகளைப் படம் எடுத்து, மாதா மாதம் அதே வெளிச்சத்தில் எடுத்து வாருங்கள். கண்ணாடியைத் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரிவதே இல்லை.