ஸ்டெம் செல் விஞ்ஞானியாக வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும், ஆய்வகத்தில் அன்றாட வேலை என்ன?

உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்தான் ஸ்டெம் செல். அதை ஆராய, உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம், மருத்துவம் என எதில் தொடங்கினாலும் வழி உண்டு. சொந்தமாக ஆய்வுக்குழு அமைக்க முனைவர் பட்டமும், அதன்பின் சில ஆண்டு ஆய்வுப் பயிற்சியும் பொதுவாகத் தேவைப்படும்.

வேலையில் பெரும்பகுதி செல்களைப் பேணி வளர்ப்பதுதான். 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பெரும்பாலும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுடன், இன்குபேட்டரில் அவை வளரும். பல ஆய்வகங்களில் ஞாயிற்றுக்கிழமையும் போய் ஊட்டத் திரவத்தை மாற்றியாக வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல செல் கூட்டத்தின் விளிம்பு கத்தரித்ததுபோல் தெளிவாக இருக்கும். விளிம்பு கலைந்து செல்கள் தட்டையாகப் பரவினால், அவை வேறு வகைச் செல்லாக மாறத் தொடங்கியிருக்கக்கூடும். இந்தக் கண்பழக்கம் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கிய ஷின்யா யமனாகா, 2006இல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் முதிர்ந்த செல்களை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பினார். 2012இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த முறையில் உருவாக்கிய விழித்திரைச் செல்களை, 2014இல் ஜப்பானில் மசாயோ தகாஹாஷி குழு ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தியது. இரண்டாவது நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அதுதான். பல ஆண்டு உழைப்பு கையில் இருக்கும்போதும் நோயாளிக்காக 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல உங்களால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.