சத்து மாத்திரைதானே என்று விழுங்குகிறவர்களுக்கு: ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சத்து மாத்திரைகளைப் பற்றியவை. நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. எதை எழுதுவது என்பது மருத்துவரின் வேலை. எழுதியதை எப்போது, எதோடு, எத்தனை நாள் என்று சொல்வது என் வேலை.

கேள்வி: ஐயா, எனக்கு ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த சிவப்பு இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் இரவில் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்புதான் அந்தக் கறுப்பு. தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

நீங்கள் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் எனக்குக் கவலை. கால்சியம் பக்கத்தில் இருந்தால் இரும்பு சரியாக உள்ளே போகாது. அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கால்சியத்தைக் காலை, இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பை மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். அப்போதுதான் நம் வீடுகளில் டீ வரும். அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட கையோடு போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் விட்டுவிடுவதற்கு அது மேல்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த அட்டையை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சிவப்பாக, மிட்டாய் போல இருக்கும். ஒரு கை நிறைய விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: அம்மாவுக்கு 65 வயது. வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைப் பத்து நாளாகத் தினமும் கொடுத்துவிட்டோம். இப்போது வாந்தி, தாகம், மலச்சிக்கல். சத்து மாத்திரைதானே, தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. மாத்திரையை உடனே நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரை இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்ப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். வயதுவந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஒரு மாத்திரையில் நூறு நாள் அளவு இருக்கிறது. பத்து மாத்திரை என்றால் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கானது. வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். டி அப்படியல்ல, கொழுப்பில் தங்கிவிடும். அதனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். நீங்கள் சொன்ன வாந்தியும் தாகமும் மலச்சிக்கலும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும்.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. சீட்டில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கும், கடையிலும் சொல்லாமல் கொடுப்பார்கள். நான் அட்டையின் பின்னால் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக ‘ஞாயிறு, ஞாயிறு’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்கள் கடைக்காரரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையோடு கால்சியமும் காலையிலேயே போடலாமா?

பதில்: கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புக்கும் இதே கணக்கு.

கேள்வி: எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சைவம். பாதம் மரத்துப்போகிறது. கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிப் போடுகிறேன், குறையவில்லை.

பதில்: ‘சர்க்கரை என்றால் பாதம் மரக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடாதீர்கள் ஐயா. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவில் பால், தயிர் தவிர அது கிடைக்க வழி குறைவு. வாயுவுக்கென்று தினமும் பேன்டோபிரசோல் போடுகிற பழக்கமும் இருந்தால் இன்னும் குறையும். பி12 அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். குறைவு என்றால் மாத்திரையா ஊசியா என்று மருத்துவர் முடிவு செய்வார். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடை மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பைரிடாக்சின், அதாவது பி6, எவ்வளவு என்று பாருங்கள். அதை அதிக அளவில் நீண்ட நாள் போட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். நரம்புக்கென்று வாங்கியதே நரம்பைத் தின்றால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போடுகிறேன். தைராய்டு பரிசோதனை முடிவு குழப்பமாக வந்திருக்கிறது.

பதில்: பயோட்டின் சில பரிசோதனைகளின் முடிவைப் புரட்டிப் போடும், தைராய்டும் அதில் ஒன்று. மருத்துவரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள் தங்கச்சி.

கேள்வி: சத்து மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது. காமாலையா?

பதில்: அது மாத்திரையில் உள்ள வைட்டமின் பி2வின் நிறம். கண்ணும் மஞ்சளானால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நான் சிகரெட் பிடிப்பவன். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்கிறார்களே, மாத்திரையாகப் போடலாமா?

பதில்: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டைத் தாராளமாகத் தின்னுங்கள் தம்பி. மாத்திரையையும் சிகரெட்டையும் விடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் மாத்திரை 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மீதியைக் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் போக்கு மறுபடி வராமல் தடுக்கத்தான் அந்த 14 நாள். 20 மில்லிகிராம் மாத்திரையை ஒரு கரண்டி கொதித்து ஆறிய தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுங்கள். உலோகச் சுவை இருப்பதால் முகம் சுளிக்கும், துப்பவும் பார்க்கும். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் வாந்தி குறையும்.