12 படங்களில் 5 மட்டும்: கணினிக் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் குடும்பம் கருவாடு காயவைத்து விற்கிறது. இதுவரை மொத்த வியாபாரிகளுக்கு மட்டுமே கொடுத்துவந்தோம். வெளியூர்க்காரர்களுக்கும் நேரடியாக அனுப்பலாம் என்று எண்ணி, நோட்பேடில் நானே எழுதி ஓர் இணையதளம் அமைத்தேன். வீட்டுக் கணினியில் திறந்தால் 12 படங்களும் தெரிகின்றன. சர்வரில், அதாவது தளத்தை இணையத்தில் வழங்கும் கணினியில், ஏற்றியபின் 5 மட்டுமே தெரிகின்றன. படங்கள் கெட்டுவிட்டனவா, ஐயா? நான் எழுதிய வரிகளையும், சர்வரில் உள்ள கோப்புகளின் பட்டியலையும் இணைத்துள்ளேன்.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: படங்கள் கெடவில்லை. வலைப்பக்கத்துக்குள் படம் இருப்பதில்லை; படத்தைக் காட்டச் சொல்லும் 'ஐ.எம்.ஜி.' வரியில் நீங்கள் எழுதுவது படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே, அங்கே போய்ப் படத்தை எடுத்துவருவது பிரவுசரின் வேலை. ஆகவே, வீட்டில் தெரிந்த படம் வெளியில் தெரியவில்லை என்றால் முதலில் முகவரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நெத்திலி, சீலா, திருக்கை ஆகிய மூன்று படங்களின் முகவரியும் 'சி' டிரைவில் தொடங்குகிறது. அது உங்கள் மேசைமேல் உள்ள கணினிக்குள் இருக்கும் இடம். மதுரையிலிருந்து உங்கள் தளத்தைத் திறப்பவரின் பிரவுசருக்கு அங்கே வர வழியே இல்லை. அந்தப் பகுதி முழுவதையும் அழித்துவிட்டு, படங்கள் உள்ள போல்டரின் பெயர், ஒரு சாய்கோடு, கோப்பின் பெயர் என்ற அளவில் நிறுத்துங்கள். விசைப்பலகையில் கேள்விக்குறியோடு ஒரே விசையில் இருக்கிறதே, அந்தச் சாய்கோடுதான் வேண்டும்.

அடுத்த மூன்று படங்களின் பிழை நுட்பமானது. சர்வர் பட்டியலில் அவற்றின் பெயர் ஈற்றில் படத்தின் வடிவைக் குறிக்கும் 'ஜேபிஜி' ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய வரியிலோ சிறிய எழுத்தில் இருக்கிறது. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும் என்பதால் வீட்டில் படம் தெரிந்தது. பெரும்பாலான சர்வர்களில் இயங்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாததாலோ என்னவோ, இந்தப் பிழை நம் கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. நானே ஒருமுறை அரை நாளை இதில் தொலைத்திருக்கிறேன். கேமரா தரும் பெயரை அப்படியே விட்டுவைக்காமல், எல்லாக் கோப்புகளுக்கும் இடைவெளியின்றிச் சிறிய எழுத்தில் பெயர் மாற்றிவிட்டு, பிறகு ஏற்றுவதே நல்லது.

மிச்சமுள்ள கணவாய்ப் படம் சர்வர் பட்டியலிலேயே இல்லை. அதை நீங்கள் ஏற்ற மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இனி எந்தப் படமாவது தெரியாமல் போனால், அந்த இடத்தில் வலது கிளிக் செய்து, படத்தை மட்டும் புதிய டேப்பில் திறந்து, மேலே வரும் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். '404' என்று வந்தால் அந்த முகவரியில் கோப்பு இல்லை என்று பொருள்.

கேள்வி: விசைப்படகுகளை ஐபோனில் படமெடுத்து என் தளத்தில் சேர்த்தேன். என் போனில் தெரிகிறது. நண்பர்களின் கணினியில் தெரியவில்லை. கோப்பின் ஈற்றை 'ஜேபிஜி' என மாற்றியும் பயனில்லை.
– வாசகர், தொண்டி

பதில்: 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை 'எச்இஐசி' என்ற வடிவில் சேமிக்கின்றன. இன்றைய சஃபாரி அதைக் காட்டும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டுவதில்லை. பெயரை மட்டும் மாற்றுவது, திருக்கைக் கருவாட்டுப் பொட்டலத்தின்மேல் நெத்திலி என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். எடுத்த படங்களை ஏதேனும் ஒரு செயலியில் திறந்து ஜேபிஜி வடிவில் மறுபடி சேமியுங்கள். இனி எடுப்பவற்றுக்கு, செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மேட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறோம். பாம்பன் பாலத்தின் 8 படங்களை இணையதளத்தில் வைத்தேன். அகலம் 400 என்று சிறிதாக்கியும் பக்கம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் திறக்கிறது.
– வாசகர், பாம்பன்

பதில்: வரியில் அகலத்தைக் குறைத்தால் காட்சி சிறுக்குமே தவிர, கோப்பு சிறுக்காது. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் சுமார் 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கலாம். எட்டுப் படங்களுக்கும் சேர்த்து உங்கள் விருந்தினரின் போன் 30 எம்.பி. அளவுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. படத்தையே 1200 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, 80 விழுக்காட்டுத் தரத்தில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கே.பி.க்குள் அடங்கும்; பாலத்தின் தூண்களும் கடலும் தெளிவாகவே தெரியும். அகலத்தோடு உயரத்தையும் வரியில் எழுதிவிட்டால், படம் வந்து சேரும்போது எழுத்துகள் கீழே குதிக்காது.

சுருக்கிய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றினால், பிரவுசர் தான் முன்பு சேமித்துவைத்த பழைய படத்தையே காட்டக்கூடும். உங்கள் கணினியில் கன்ட்ரோல் விசையோடு எஃப் 5-ஐ அழுத்தினால் புதியது வந்துவிடும்; ஆனால் அறை தேடும் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கோப்புக்குப் புதுப் பெயர் கொடுத்து, வரியிலும் அதையே எழுதிவிடுங்கள்.