'டைம்ஸ்' என்றால் என்ன? பெருக்கல் சொல்லைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 2×3 என்பதை ஆங்கிலத்தில் 'டூ டைம்ஸ் த்ரீ' என்கிறார்கள். நேரத்துக்கும் பெருக்கலுக்கும் என்ன உறவு?

பதில்: 'டைம்' என்பதற்குத் தடவை என்ற பொருளும் உண்டு. மூன்றை இரண்டு தடவை எடுத்தால் ஆறு. அந்தத் தொடர் சொல்வது அவ்வளவுதான். முழு எண்களில் பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது என்ற விளக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதைச் சொல்லித்தராமல், × குறியின் பெயர் 'இன்ட்டூ' அல்லது 'டைம்ஸ்' என்று மட்டும் பிள்ளைகளை ஒப்பிக்க வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

கேள்வி: ஆங்கிலத்தில் தொடக்கம் முதலே இந்தச் சொல்தானா?

பதில்: இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'டீமா' என்ற சொல் காலத்தைக் குறித்தது. தடவைகளை எண்ணுவதற்கு 'சீத்' என்ற வேறொரு சொல் இருந்தது. அதற்குப் பயணம் என்றும் பொருள். ஒருமுறை போவது ஒரு தடவை என்று எண்ணியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'டைம்ஸ்' பெருக்கலுக்கு வந்துவிட்டது, 'சீத்' மெல்ல வழக்கொழிந்தது. 'ஒன்ஸ்', 'ட்வைஸ்' இரண்டும் நிலைத்தன. 'த்ரைஸ்' இங்கிலாந்தில் இன்று அருகிவிட்டாலும் நம் நாட்டு ஆங்கிலத்தில் இன்னும் புழங்குகிறது.

கேள்வி: × குறி அப்போதே இருந்ததா?

பதில்: சொல்தான் மூத்தது. பெருக்கலுக்கு × குறியை ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் ஆட்ரெட் 1631இல் வெளியான தம் நூலில் பயன்படுத்தினார். அது 'எக்ஸ்' எழுத்தோடு குழம்புகிறது என்று ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் 1698இல் இன்னொரு கணிதவியலாளரான யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். பெருக்கல் குறியாகப் புள்ளியே லைப்னிட்ஸின் தேர்வு.

கேள்வி: மற்ற மொழிகளில் எப்படி?

பதில்: பிரெஞ்சில் 'ஃபுவா', ஜெர்மனில் 'மால்', இரண்டும் தடவைதான். தமிழ் வாய்ப்பாட்டில் 'ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு' என்கிறோம். ஈர், மூ என்று எண்ணுப்பெயர் குறுகி நிற்பதே போதும், தனிச்சொல் வேண்டியதில்லை.

கேள்வி: 'த்ரீ டைம்ஸ் மோர்' என்றால் மூன்று மடங்கா, நான்கு மடங்கா?

பதில்: மூன்று மடங்கு என்றே பெரும்பாலோர் பொருள்கொள்கிறார்கள். மூலத்தொகையோடு மூன்று மடங்கைக் கூட்ட வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. தமிழில் 'மூன்று மடங்கு அதிகம்' என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். 100 ரூபாய் விலை 300 ஆனால் 'மூன்று மடங்கானது' என்று எழுதுங்கள், 'அதிகம்' வேண்டாம்.