பழைய ஒலி வேண்டுமா, இரைச்சல் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் ஆர்மோனியத்தைப் பதிவு செய்து டீசன்ட் சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலிகளைக் கட்டைகளில் வாசிக்க வைக்கும் மென்பொருள்) ஏற்றி, இலவச பிரீசெட்டாக, அதாவது திறந்ததும் வாசிக்கத் தயாரான ஒலித் தொகுப்பாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பழைய காலத்துச் சாயல் வரட்டும் என்று இசைத்தட்டுக் கீறல் சத்தத்தைச் சேர்த்தேன், மேல் அதிர்வெண்களையும் குறைத்தேன். புது ஆர்மோனியத்தை மழையில் வைத்து வாசிப்பது போலத்தான் கேட்கிறது. எங்கே தவறு?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: முதலில் அந்தக் கீறல் சத்தத்தை எடுத்துவிடுங்கள். சாம்பிளுக்குள்ளேயே, அதாவது பதிவு செய்த ஒலித் துண்டுக்குள்ளேயே, அதைக் கலந்துவிட்டால் ஒரு கட்டையை அழுத்தும்போது ஒரு கீறல், மூன்றை அழுத்தினால் மூன்று கீறல். ஒரே சாம்பிளைப் பல கட்டைகளுக்கு விரித்திருந்தால், மேல் கட்டைகளுக்குப் போகப் போக கீறலும் சேர்ந்து கீச்சென்று ஏறும். எந்த இசைத்தட்டும் அப்படி ஒலிக்காது, காது உடனே கண்டுபிடித்துவிடும்.

பழைய ஒலி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்தந்தக் கருவியின் பழமை அது வேலை செய்த விதத்தில் இருந்து வந்தது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான மெல்லோட்ரான் என்ற நாடாக் கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனியாக ஒரு நாடா, அதில் யாரோ ஒருவர் வாசித்த ஒரே ஒரு ஸ்வரம், சுமார் 8 விநாடி. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், 8 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தாலும் சத்தம் நின்றுவிடும். லூப், அதாவது சுழன்று திரும்ப ஒலிப்பது, கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் கூட அச்சு அசலாக ஒன்று போல இருக்காது, அந்தக் கருவியின் உயிரே அதுதான். 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற டிஜிட்டல் சாம்ப்ளர் கருவி நேர் எதிர்: 12 பிட், நொடிக்கு 26,040 மாதிரிகள், மொத்த நினைவகமே 10 விநாடி. இடம் போதாமல் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, உள்ளே சுருதியை இறக்கி வாசித்தார்கள். அந்தக் கரகரப்பு நினைவகப் பஞ்சத்தில் பிறந்தது.

ஆர்மோனியத்துக்கு மெல்லோட்ரான் வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒன்றை வைத்து நான்கு கட்டைக்கு இழுக்காமல் ஒவ்வொரு கட்டையையும் தனியே பதிவு செய்யுங்கள், ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது விநாடி, துருத்தியை ஒரே சீராக இழுத்து. அப்புறம் முக்கியமான விஷயம், சாம்பிளின் தொடக்கத்தை ஒட்ட வெட்டாதீர்கள். கீழ் ஸ்தாயியில் ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) பேசத் தொடங்க ஒரு கணம் ஆகும். முதலில் கட்டை இறங்கும் சின்ன 'டக்', பிறகு காற்று, அதற்குப் பிறகுதான் ஸ்வரம். அந்த இடைவெளியை வெட்டினால் தாத்தாவின் பெட்டி காணாமல் போய்விடும், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பெட்டி மிஞ்சும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வீட்டில் வேலை செய்கிற கேசட் ரெக்கார்டர் இருந்தால், அதில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டைத் துடைத்துவிட்டு, எல்லா ஸ்வரங்களையும் கேபிள் வழியாக ஒரு முறை நாடாவில் ஏற்றித் திரும்பக் கணினிக்குக் கொண்டு வாருங்கள். ரெக்கார்டரின் ஒலி அளவு காட்டும் முள் சிவப்பை லேசாகத் தொடும் அளவுக்கு ஒலியை வைத்தால் போதும். நாடாவின் ஓட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் துளி விலகி நிற்கும். அதைச் சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டுச் சரிசெய்துவிடாதீர்கள், தயவுசெய்து. பொறுமை இருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு பதிவு எடுத்து ரவுண்ட் ராபினில் மாறி மாறி ஒலிக்க வையுங்கள். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது இயந்திரத்தனம் வராது.

கேள்வி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கொடுத்தால்தான் மதிப்பார்களா?
– திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். கேசட் வழியாக வந்த ஒலிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸே தாராளம், தரவிறக்கும் அளவும் பாதிக்குக் கீழே குறையும். 24 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய சினிமா இசைத்தட்டிலிருந்து வயலின் கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி பிரீசெட் செய்திருக்கிறேன். இலவசம்தானே, பகிர்ந்தால் என்ன?
– மதுரை வாசகர்

பதில்: இலவசமாகக் கொடுப்பதால் உரிமை நம்முடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. அது முடிந்துவிட்டாலும் இசையமைத்தவரின் உரிமை தனி, அவர் காலமான பிறகும் 60 ஆண்டு தொடரும். வெளிநாடுகளில் கணக்கு வேறு. உங்கள் பிரீசெட்டை நம்பி ஒருவர் பாட்டுப் போட்டு, பிறகு அந்தப் பாட்டு முடக்கப்பட்டால் அடி அவருக்குத்தான் விழும். டிஜிட்டல் கீபோர்டுகளின் உள்ளே நிறுவனமே பதிவு செய்து வைத்திருக்கும் ஒலிகளை அப்படியே எடுத்துக் கொடுப்பதும் இதே சிக்கல்தான். அந்த இசைத்தட்டின் ஒலி பிடித்திருக்கிறது என்றால், தெரிந்த வயலின் கலைஞர் ஒருவரை நான்கு முறை வாசிக்கச் சொல்லி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கேசட்டில் ஏற்றுங்கள். ஒரு மாலை நேர வேலை.

கேள்வி: எந்த வடிவத்தில் கொடுத்தால் எல்லோரும் பயன்படுத்த முடியும்? எனக்குத் தெரிந்தவர்கள் கான்டாக்ட்தான் சரி என்கிறார்கள்.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: கான்டாக்ட் நல்ல சாம்ப்ளர் மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் நாம் வீட்டில் செய்த பிரீசெட்டை அதன் இலவச பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும், முழுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் பயன். பள்ளிக்கூடப் பையனும் வாசிக்க வேண்டும் என்றால் டீசன்ட் சாம்ப்ளர் அல்லது எஸ்எஃப்இசட் என்ற பொதுக் கோப்பு வடிவம், இரண்டுமே இலவசமாக ஓடும். இரண்டிலும் பிரீசெட் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து எந்தக் கட்டைக்கு எந்த சாம்பிள் என்று படித்துவிடலாம், தப்பிருந்தால் வாங்கியவரே திருத்திக்கொள்ளலாம்.

நான் முதன்முதலில் பகிர்ந்த பிரீசெட்டில் சாம்பிள்களின் முகவரி என் கணினியின் டி டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அருமையாக ஒலித்தது, வாங்கிய எல்லோருக்கும் மௌனம். அதனால் சாம்பிள் கோப்புறையைப் பிரீசெட்டின் பக்கத்திலேயே வைத்து, முகவரியை அங்கிருந்து தொடங்குகிற மாதிரி எழுதி, வேறொருவர் கணினியில் திறந்து பார்த்த பிறகு வெளியிடுங்கள். கூடவே ஒரு சின்னக் குறிப்பும் வையுங்கள்: என்ன கருவி, எதில் பதிவு செய்தது, விற்பனைக்குப் போகும் பாட்டில் பயன்படுத்தலாமா. எந்த நிபந்தனையும் வேண்டாம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி ஜீரோ என்று போட்டால் போதும். கிறிஸ்டியன் ஹென்சன் தொடங்கிய பியானோபுக் என்ற இணையதளத்தில் இப்படிப் பலர் வீட்டுப் பியானோக்களையும் பழைய பொம்மைக் கருவிகளையும் கொடுத்திருக்கிறார்கள், குறிப்பு எழுதுவதற்கு முன் அங்கே நாலைந்தைத் தரவிறக்கிப் பாருங்கள்.