மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும்

குடும்பத்தோடும் நண்பர்களோடும் மலையேறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் மலையேற்றக் குழுவினரின் பதில்கள்.

கேள்வி: நான், கணவர் (47), பத்தாவது படிக்கும் மகன், எட்டு வயது மகள். தினமும் மைதானத்தில் 3 கி.மீ. நடக்கிறோம். விடுமுறையில் ஒரு மலை ஏறிப் பார்க்க ஆசை. இந்த நடை போதுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மூச்சுக்கு ஓரளவு போதும், தொடைக்குப் போதாது. சமதரையில் நடக்கும்போது அதிகம் உழைக்காத முன்தொடைத் தசைதான் மலையில் முழு வேலையையும் செய்கிறது. அதிலும் இறங்கும்போது. மறுநாள் காலை கழிவறையில் உட்காரவே முடியாமல் போவது இறக்கத்தின் கைங்கரியம்.

அடுக்குமாடிப் படிக்கட்டுதான் உங்கள் பயிற்சிக்கூடம். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். முதல் வாரம் 10 மாடி ஏறி இறங்குங்கள். அதன் பிறகு வாரத்துக்கு எட்டு மாடி கூட்டினால், ஆறாவது வாரம் 50 மாடிக்கு வந்துவிடலாம். நான்கு மாடிக் கட்டடமாக இருந்தால் திரும்பத் திரும்ப ஏற வேண்டியதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே போய்விட்டு லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சி வீண். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். திக்கித் திக்கி வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கணவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். கோவை வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பழக்கமில்லாத உடம்பு, கூட்டத்தோடு கூட்டமாக நிற்காமல் ஏறும்போதுதான் ஆபத்து. நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ வந்தால் ‘கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்’ என்று மேலே ஏறக் கூடாது. ஏற்றம் அங்கேயே முடிந்தது. உட்காரவைத்து உடனே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

முதல் மலைக்கு 300 மீட்டர் ஏற்றம் போதும். நேரத்தைக் கணக்கிட, 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்னமும் உதவுகிறது. சுமார் 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 4 கி.மீ. வழி, 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து 78 நிமிடம். அவர் கணக்கு திடகாத்திரமான ஆளுக்கு. எட்டு வயதுக் குழந்தை உடன் வந்தால் அதை ஒன்றரையால் பெருக்குங்கள், ஓய்வும் சேர்த்து இரண்டே கால் மணி ஆகும். கல் பாதையில் இறங்க இரண்டு மணி வையுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் கீழே இருப்பீர்கள்.

மகளுக்கும் ஒரு பை கொடுங்கள். எடை அவள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 கிலோ குழந்தைக்கு இரண்டரைக் கிலோ. அரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, அவள் தின்பண்டம் மட்டும் போதும். பையை நடுவழியில் வாங்கி நீங்கள் சுமக்காதீர்கள். கனமாகிவிட்டால் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அவளிடமே விடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகள் பாறைச் சரிவைப் பார்த்ததும் அழுகிறாள். கையைப் பிடித்து இழுத்தால் வழுக்கி விழுகிறாள். கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இழுப்பதால்தான் வழுக்குகிறது. மேலே நின்று கையை இழுத்தால் அவள் உடம்பு பாறையோடு ஒட்டிச் சாய்கிறது. பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டிய எடை விலகி, உள்ளங்கால் பாறையை அழுத்துவதற்குப் பதில் பின்னால் தள்ளுகிறது. பயந்த குழந்தை தானாகவே பாறையைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் இழுப்பது அதைக் கூட்டுகிறது.

நீங்கள் கீழே, அவளுக்குப் பின்னால் நில்லுங்கள். ‘பயப்படாதே’ என்ற வார்த்தையே வேண்டாம். அதனால் பயம் போனதாகச் சரித்திரம் இல்லை. ‘வலது காலை அந்தக் கறுப்புக் கல் மேல வை. குதிகாலைக் கீழே இறக்கு. நிமிர்ந்து நில்லு’ என்று அடுத்த அடியை மட்டும் சொல்லுங்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். இதை வீட்டருகே முழங்கால் உயரப் பாறையிலோ பூங்காவிலோ நான்கைந்து முறை விளையாட்டாகப் பழக்கிவிட்டு மலைக்கு வாருங்கள். ஈரப் பாறையிலும் பாசியிலும் இந்த வித்தை பலிக்காது. அங்கே பெரியவர்களுக்கும் சுற்றுவழிதான்.

கட்டாயம் வேண்டாம். ‘அந்த மரம் வரை போகலாமா?’ என்று கேளுங்கள். மரம் வந்ததும், திரும்புவதா தொடர்வதா என்று அவளே சொல்லட்டும். திரும்பலாம் என்றால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். உண்மையிலேயே திரும்ப முடியும் என்று தெரிந்த குழந்தைதான் அடுத்த முறை இன்னொரு மரம் தள்ளிப் போகும். வீட்டுக்கு வந்து சித்தப்பா, அத்தை முன்னால் ‘பாறையைப் பார்த்து எப்படி அழுதா தெரியுமா’ என்று கேலி பேசினால் அதோடு சரி, அடுத்த மலைக்கு வர மாட்டாள்.

அவள் கழுத்தில் ஒரு விசில் மாட்டி, ஆபத்துச் சைகையைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. பதில் சைகை நிமிடத்துக்கு மூன்று முறை.

கேள்வி: நாங்கள் எட்டு நண்பர்கள். மூன்று பேர் வேகமாகப் போய்விடுவார்கள், பின்னால் வருபவர்கள் திட்டிக்கொண்டே வருவார்கள். போன முறை உச்சிக்குப் போயே தீருவோம் என்று போய், இருட்டில் இறங்கினோம். ஒவ்வொரு பயணமும் சண்டையில் முடிகிறது.
– வாசகர், திருச்சி

பதில்: சண்டைக்குக் காரணம் குணம் இல்லை, ஓய்வு. முன்னால் போன மூவர் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் ‘வந்தாச்சா, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அவர் இன்னும் களைத்து இன்னும் பின்தங்குவார். ஆகவே, கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று வையுங்கள்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் எல்லோர் வேகமும். நல்ல அனுபவசாலி கடைசியில் வரட்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கட்டும். வேகமான மூவருக்குக் கால் அரித்தால் எல்லோருடைய தண்ணீரையும் அவர்கள் முதுகில் ஏற்றிவிடுங்கள், வேகம் சமமாகிவிடும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எட்டுத் தலையும் எண்ணாமல் நகரக் கூடாது.

இருட்டு விஷயம். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்து, எல்லோரும் போனில் அலாரம் வையுங்கள். 12.30 என்றால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் 12.30-க்குத் திரும்ப வேண்டும். மேலே போன பிறகு முடிவெடுக்கக் கூடாது, களைப்பும் ஆசையும் சேர்ந்தால் ‘இன்னும் பத்தே நிமிஷம்’ என்றுதான் வாய் சொல்லும். நம் ஊர் அந்தி குளிர்நாடுகளைப் போல நீளாது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும், சோலைக்குள் அதற்கும் முன்பே. ஆளுக்கொரு நெற்றி டார்ச் வேண்டும். போன் டார்ச் கணக்கில் சேராது: ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், உதவிக்கு அழைக்க வேண்டிய பேட்டரியையும் தின்றுவிடும்.

தலைவர் ஒருவர்தான், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் வேறொருவர். எப்போதும் பின்தங்குபவரை ஒரு முறை தலைவராக்கிப் பாருங்கள். வழி விசாரிப்பது, தண்ணீர்க் கணக்கு, திரும்பச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. வேகமானவருக்கு அன்றைக்குப் பின்பாட்டு.

கேள்வி: ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது முழங்கால் வலி உயிர் போகிறது. வயது 52.
– வாசகர், சேலம்

பதில்: இரண்டு கைத்தடி வாங்குங்கள், மூங்கில் கம்பும் நல்லதுதான். இறங்கும்போது தடி கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். காலுக்கு முன்னால் தடி தரையில் பதிய வேண்டும், பிறகுதான் எடை இறங்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டி ‘தொப்’பென்று வைக்காமல் லேசாக மடித்து வையுங்கள். அடி சின்னதாக இருக்கட்டும். உயரமான படியில் பக்கவாட்டாக இறங்குங்கள். ஷூவுக்குள் கால் முன்னால் நழுவி நகம் கறுத்தால் லேஸ் தளர்வு. இறக்கம் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், நகத்தையும் முந்தின நாளே வெட்டிவிடுங்கள். முழங்கால் வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ எலும்பு டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: அட்டை கடித்தால்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாயோரத்தை நெம்பி நகர்த்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். முழங்கால் வரை வரும் அட்டைச் சாக்ஸுக்குள் பேன்ட்டைச் சொருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம்.

கேள்வி: சாப்பாடு, தண்ணீர் எவ்வளவு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், வெயிலில் கூடுதலாக. ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு லிட்டருக்கு சமமட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஒரு பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கண்ணளவில் போடக் கூடாது, கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. வெயிலில் தயிர்சாதம் புளித்துவிடும், புளியோதரை தாங்கும். கடலைமிட்டாய், பேரீச்சை, பொரிகடலையை ஒரு மணிக்கு ஒரு கைப்பிடி தின்னலாம். கேரி பேக்கைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்குக்குப் பந்தி வைத்த மாதிரி.

கேள்வி: அனுமதி வாங்காமல் உள்ளூர் ஆள் ஒருவரோடு வேறு வழியில் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். கட்டணமும் மிச்சம். போகலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ, சரிவின் மேல்நோக்கி ஓடும்போது மனிதனை முந்திவிடும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. தீக்கு மேலே சரிவில் ஓடித் தப்ப நினைப்பது அதனால்தான் மோசமான யோசனை. அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வனச் சட்டப்படி குற்றமும்கூட.

2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து 40 வழிகளை அறிவித்தார்கள். முன்பதிவு இணையத்தில், கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி. காட்டுத்தீ காலத்தில் வழிகளை மூடுவார்கள், அப்போது வேறு வழி தேடாதீர்கள். ஓடைகளைக் கடக்கும் சதுரகிரி போன்ற பாதைகளில், நீங்கள் நிற்கும் இடத்தில் மழையில்லாவிட்டாலும் மேலே பெய்த மழை வெள்ளமாக வரும்.

அனுமதிச் சீட்டு இருந்தால் இத்தனை பேர் இந்த வழியில் உள்ளே இருக்கிறார்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரியும். வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்: எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குப் போன் வரும், வராவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிடுவது. கீழே இறங்கி சிக்னல் வந்ததும் முதல் போன் அந்த வீட்டுக்கு.